கடிதத்தில் ஒரு பெயர், உறையில் ஒரு பெயர்: மின்னஞ்சலில் ‘அனுப்புநர்’ யார்?

1982 ஆகஸ்டில், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பைச் சேர்ந்த பொறியாளர்கள் இரண்டு ஆவணங்களை ஒரே மாதத்தில் வெளியிட்டனர். ஆர்.எஃப்.சி. 821, ஆர்.எஃப்.சி. 822 என்பன அவற்றின் எண்கள். முதலாவதை எழுதியவர் ஜான் போஸ்டல். இரண்டாவதை எழுதியவர் டேவிட் கிராக்கர். ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு அஞ்சலைக் கொண்டுசேர்க்கும் முறையை 821 வகுத்தது. கொண்டுசேர்க்கப்படும் கடிதத்தின் தலைப்பகுதி எவ்வாறு அமைய வேண்டும் என்பதை 822 வகுத்தது. அஞ்சலகத்தின் மொழியில் சொன்னால், முன்னது உறையைப் பற்றியது. பின்னது உறைக்குள் இருக்கும் தாளைப் பற்றியது. உறையின் மேல் ஓர் அனுப்புநர் முகவரி உண்டு. தாளின் தலைப்பிலும் ஓர் அனுப்புநர் முகவரி உண்டு. இரண்டும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்று இவ்விரு ஆவணங்களுள் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை.

கட்டாயப்படுத்தாமைக்குக் காரணம் இருந்தது. திணைக்களத் தலைவரின் கடிதத்தை எழுத்தர் அனுப்பலாம். ஒருவர் அனுப்பிய கடிதத்தை இன்னொருவர் திருப்பி அனுப்பலாம். உறை திரும்பி வர வேண்டிய இடம் வேறாக இருக்கலாம். 822 இதைத் தெளிவாகவே உணர்ந்திருந்தது. கடிதம் அனுப்பப்பட வேண்டும் என்று விரும்பியவரைக் குறிக்க ‘ஃப்ரம்’ என்னும் வரியையும், அதனை உண்மையில் அனுப்பிய ஆளையோ கருவியையோ குறிக்க ‘செண்டர்’ என்னும் வரியையும் அது தனித்தனியே வைத்தது. எர்விங் காஃப்மன் 1979இல் வெளியிட்ட ‘ஃபுட்டிங்’ கட்டுரையில், பேசுபவர் என்னும் ஒற்றைச் சொல்லை ஒலிப்பவர், சொற்களை ஆக்கியவர், பொறுப்பேற்பவர் என மூன்றாகப் பிரித்ததை மொழியியல் மாணவர்கள் அறிவர். பொறியாளர்களும் ஏறத்தாழ அதே பிரிவினைக்கு வந்து சேர்ந்தார்கள். 822இல் மற்றொரு செய்தியும் கவனத்துக்குரியது. அனுப்பியவரின் அடையாளம் ‘உறுதிசெய்யப்பட்ட’ அடையாளமாக இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. ஆகவே அந்தத் தலைமுறை இக்கேள்வியை மறந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. கேள்வியை எழுப்பி, விடையை ஒவ்வொரு கணினியின் பொறுப்பாளரிடமும் விட்டுவிட்டது.

அன்றைய நிலையில் அது போதுமானதாகத் தோன்றியிருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய கணினி. அதில் கடவுச்சொல் கொடுத்து உள்நுழையும் சில நூறு பேர். யார் எழுதுகிறார் என்பது அந்தக் கணினிக்குத் தெரியும். மற்றக் கணினிகள் அந்தக் கணினியை நம்பினால் போதும். தலைப்பு வரிகளின் வடிவத்தை முதன்முதலில் ஒழுங்குபடுத்த முயன்ற ஆர்.எஃப்.சி. 561 வெளிவந்த 1973 செப்டம்பரில், வலையமைப்பு இன்னும் சிறியது. அதன் ஆசிரியர் நால்வருள் ஒருவர் அபய் பூஷண், கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவர், அங்கிருந்து எம்.ஐ.டி. சென்றவர். கோப்புப் பரிமாற்றத்துக்கான நெறிமுறையை 1971இல் எழுதியவரும் அவரே. தொடக்க கால மின்னஞ்சல் அதன் முதுகில்தான் பயணம் செய்தது. மின்னஞ்சல் வரலாறு இந்தியாவில் பேசப்படும்போது இவர் பெயர் அரிதாகவே வருவது வியப்புக்குரியது.

தொல்லையின் அறிகுறிகள் முன்பே தெரிந்தன. 1975 நவம்பரில் போஸ்டல் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு, வேண்டாத அஞ்சலை ஒரு கணினி மறுப்பதற்கு வழியில்லை என்று சுட்டிக்காட்டியது. 1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி துர்க், தம் நிறுவனத்தின் புதிய கணினிகளை விளம்பரப்படுத்திச் சுமார் 400 பேருக்கு ஒரே அஞ்சலை அனுப்பினார். முதல் குப்பை அஞ்சல் என்று இதனைக் குறிப்பிடுவது வழக்கம். குறிப்பிடுவோர் பெரும்பாலும் கவனிக்காதது, அவர் தம் சொந்தப் பெயரில், சொந்த நிறுவனத்தின் கணினியிலிருந்து அதை அனுப்பினார் என்பதை. கண்டனமும் நேராக அவரையே சென்றடைந்தது. குப்பை அஞ்சலும் போலிப் பெயரும் ஒன்றாகப் பிறக்கவில்லை, பின்னால்தான் கைகோத்தன.

போலிப் பெயரின் ஆற்றலை உலகுக்குக் காட்டியது ஒரு வேடிக்கை. 1984 ஏப்ரல் 1 அன்று, சோவியத் ஒன்றியத்தின் தலைவர் கான்ஸ்டான்டின் செர்னென்கோ ‘கிரெம்வாக்ஸ்’ என்னும் கணினியிலிருந்து எழுதியதாக ஒரு செய்தி யூஸ்நெட் வலையமைப்பில் வந்தது. சோவியத் நாடும் வலையமைப்பில் இணைகிறது என்றது அது. எழுதியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த பீட் பேர்டெமா. நம்பியவர்களும் இருந்தனர். பிற்காலத்தில் மாஸ்கோவில் உண்மையாகவே ஒரு கணினிக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள் என்பது இக்கதையின் இனிய பின்குறிப்பு. யூஸ்நெட் மின்னஞ்சல் அன்று. ஆனால் தலைப்பு வரியை எழுதியவர் சொன்னபடியே நம்பும் பழக்கம் இரண்டுக்கும் பொது.

அந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை அறிய, 821 வகுத்த உரையாடலைப் பார்த்தால் போதும். அனுப்பும் கணினி வணக்கம் சொல்லித் தன் பெயரைத் தானே அறிவிக்கும். பிறகு இன்னாரிடமிருந்து என்று சொல்லும். பெறும் கணினி 250 என்னும் எண்ணைத் திருப்பித் தரும். ‘சரி’ என்பது அதன் பொருள். இன்னாருக்கு என்று சொல்லும், மீண்டும் 250. அதன்பின் கடிதம் முழுவதும், அதன் தலைப்பில் எழுதப்பட்ட மற்றோர் அனுப்புநர் பெயருடன், உள்ளே செல்லும். எந்தக் கட்டத்திலும் ‘நீ யார் என்பதற்குச் சான்று என்ன?’ என்ற வினா எழாது. கடவுச்சொல் கேட்கவும் இயலாது. அயலூர்க்காரருக்கு இந்தக் கணினியில் கணக்கு ஏது? முன்பின் அறியாதவரிடமிருந்து கடிதம் வரலாம் என்பதே அஞ்சலின் பயன். சான்று கேட்கும் முயற்சிகள் அனைத்தும் இந்தப் பயனோடு மோதியே ஆக வேண்டியிருந்தது.

1990களில் இணையம் வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டது, இந்தியாவில் வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கியது. தனக்கென ஒரு டொமைன் பெயரை வாங்கி, வேறொருவரின் சர்வரில் வாடகைக்கு இடம் பிடித்து, அதே பெயரில் மின்னஞ்சல் வைத்துக்கொள்வது சிறு நிறுவனங்களுக்கும் தனியாட்களுக்கும் கைக்கெட்டியது. பெயர் ஒருவருடையது, கணினி இன்னொருவருடையது என்ற நிலை அப்போதுதான் பரவலாயிற்று. பழைய நம்பிக்கை, கணினியை அறிந்தால் மனிதரை அறியலாம் என்பது, இங்கே முறிந்தது.

முறிந்ததன் விலையை முதலில் உரக்கச் சொன்ன நிகழ்ச்சி 1997இல் நடந்தது. ஜோஸ் டாட் காம் என்னும் தளம் இலவசமாக வலைப்பக்கங்களுக்கு இடமளித்து வந்தது. குப்பை அஞ்சலில் தன் பக்கத்தை விளம்பரப்படுத்திய ஒரு பயனரின் கணக்கை அத்தளம் நீக்கியது. பழிவாங்க நினைத்தவர், அத்தளத்தின் பெயரையே அனுப்புநராக இட்டுக் குப்பை அஞ்சல்களை ஊரெங்கும் அனுப்பினார். சினம் கொண்டவர்கள் தளத்தைத் தாக்கினர். போய்ச் சேராத அஞ்சல்களின் திருப்பங்களும் அங்கேயே வந்து குவிந்தன. ‘ஜோ ஜாப்’ என்ற சொல் இதிலிருந்து பிறந்தது. இதில் ஏமாற்றப்பட்டவர் அஞ்சலைப் பெற்றவர் மட்டுமல்லர். பெயருக்கு உரியவரும் பாதிக்கப்பட்டவர். தாம் எழுதாத கடிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை அவருடையது. பிற்காலத் தீர்வுகள் பெறுநரைவிடப் பெயருக்கு உரியவரின் கையிலேயே கருவியைக் கொடுத்தது ஏன் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

கருவி எளிமையானது. ஒவ்வொரு டொமைனுக்கும் டி.என்.எஸ். என்னும் பொதுப் பெயரேட்டில் ஒரு பதிவு உண்டு. இந்தப் பெயருக்கு வரும் அஞ்சலை எந்தக் கணினி பெறும் என்பது அங்கே ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. எந்தக் கணினி அனுப்பலாம் என்பதையும் அங்கேயே எழுதிவைத்தால் என்ன? பால் விக்ஸி 2002இல் இக்கருத்தை ஒரு வரைவாக்கினார். ஜெர்மனியின் ஹட்முட் டேனிஷ், கார்டன் ஃபெசிக் ஆகியோர் தனித்தனியே இரு திட்டங்களை முன்வைத்தனர். சிங்கப்பூரைச் சேர்ந்த மெங் வெங் வோங் 2003இல் இவற்றை இணைத்து எஸ்.பி.எஃப். என்று பெயரிட்டார். முதலில் அவ்வெழுத்துகளின் விரிவு ‘செண்டர் பெர்மிட்டட் ஃப்ரம்’. அடுத்த ஆண்டே அது ‘செண்டர் பாலிசி ஃப்ரேம்வொர்க்’ ஆயிற்று. மூன்றெழுத்து அப்படியே நிற்க, பொருள் மட்டும் மாறியது. அனுமதி என்பது போய்க் கொள்கை என்பது வந்தது, ‘ஃப்ரம்’ காணாமற்போயிற்று. தற்செயலாயினும் பொருத்தமான மாற்றம். ஏனெனில் எஸ்.பி.எஃப். சரிபார்ப்பது உறையின் முகவரியைத்தான். வாசகர் கண்ணில் படும் ‘ஃப்ரம்’ வரியை அது தொடுவதே இல்லை.

அந்தப் பதிவின் இலக்கணமும் சுவையானது. அனுமதி பெற்ற கணினிகளின் பட்டியலுக்குப் பிறகு, ‘மற்றவை எல்லாம்’ என்ற சொல்லின் முன் ஒரு குறி வரும். கழித்தல் குறி என்றால் மற்றவை போலி. அலைக்குறி என்றால் அநேகமாகப் போலி. வினாக்குறி என்றால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. வினைச்சொல்லின் துணிவும் ஐயமும் ஒற்றை நிறுத்தற்குறியில் அடங்கிவிடுகின்றன. டொமைன் உரிமையாளர்கள் பலர் இன்றும் அலைக்குறியைத் தாண்டாமல் நிற்பது அச்சத்தால். பட்டியலில் விடுபட்ட கணினி எதுவோ தெரியாதபோது ‘மற்றவை எல்லாம் போலி’ என்று எவர் துணிந்து எழுதுவார்?

2004ஆம் ஆண்டு இந்த வரலாற்றின் சந்தி. ஜனவரியில் டாவோஸ் நகரில் பில் கேட்ஸ், இரண்டு ஆண்டுகளில் குப்பை அஞ்சல் தீர்க்கப்பட்டுவிடும் என்றார். அதே ஜனவரியில் அமெரிக்காவின் கேன்-ஸ்பேம் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அஞ்சலை விரும்பாதோர் பட்டியல் ஒன்றைத் தொடங்கலாமா என ஆராய்ந்த அந்நாட்டு வணிக ஆணையம், அனுப்புநர் யார் என்பதையே உறுதிசெய்ய முடியாதபோது பட்டியலால் பயனில்லை என்று ஜூனில் அறிக்கை தந்தது. இணையப் பொறியியல் பணிக்குழுவான ஐ.இ.டி.எஃப்., மரிட் என்ற பெயரில் மார்ச்சில் ஒரு குழுவை அமைத்தது. எஸ்.பி.எஃப்.பையும் மைக்ரோசாஃப்டின் திட்டத்தையும் இணைத்து உருவான ‘செண்டர் ஐடி’ அக்குழுவின் முன் இருந்தது. உறையோடு நில்லாமல் தாளின் தலைப்பையும் பார்க்க முனைந்தது அத்திட்டம். தலைப்பு வரிகளிலிருந்து அது கணித்தெடுக்கும் முகவரிக்கு வைத்த பெயர், தமிழில் சொன்னால், ‘பொறுப்பாளி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் முகவரி’. இவ்வளவு நேர்மையான கலைச்சொல் இத்துறையில் வேறில்லை.

அத்திட்டத்தைக் கவிழ்த்தது தொழில்நுட்பக் குறை மட்டுமன்று. மைக்ரோசாஃப்ட் காப்புரிமை கோரியிருந்தது. அதன் உரிம நிபந்தனைகள் கட்டற்ற மென்பொருளுக்குப் பொருந்தா என்று அப்பாச்சி அறக்கட்டளையும் டெபியன் திட்டமும் அறிவித்தன. உலகின் அஞ்சல் சர்வர்களில் பெரும்பகுதி கட்டற்ற மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. செப்டம்பரில் மரிட் கலைக்கப்பட்டது. இரண்டு திட்டங்களும் 2006 ஏப்ரலில் ‘சோதனை முயற்சி’ என்ற தகுதியுடன் அடுத்தடுத்த எண்களில் வெளிவந்தன. எஸ்.பி.எஃப். தரநிலைப் பாதைக்கு வர 2014 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எதிராளிகள் அதற்குள் பத்தாண்டு அனுபவம் பெற்றுவிட்டனர்.

இதற்கிடையே வேறொரு வழியில் நடந்தவர்களும் இருந்தனர். எந்தக் கணினியிலிருந்து வந்தது என்பதை விட்டுவிட்டு, கடிதத்தின் மேலேயே முத்திரை வைத்துவிடலாம் என்றனர். யாஹூவின் மார்க் டெலானி ‘டொமைன்கீஸ்’ என்ற முறையையும், சிஸ்கோவில் ஜிம் ஃபென்டனும் மற்றவர்களும் வேறொரு முறையையும் உருவாக்கினர். இவை இணைந்து 2007 மே மாதம் டி.கே.ஐ.எம். பிறந்தது. அனுப்பும் சர்வர் தன்னிடம் உள்ள மறைதிறவுகோலால் கடிதத்தில் ஒரு மின்கையொப்பம் இடும். அதனைச் சரிபார்க்கும் பொதுத்திறவுகோல் பெயரேட்டில் யாவரும் காண வைக்கப்பட்டிருக்கும்.

கையொப்பம் என்றதும் எழும் வினா: எந்தப் பாடத்துக்குக் கையொப்பம்? வழியில் ஒரு சர்வர் வரியை மடிக்கலாம். இடைவெளியைக் கூட்டலாம், குறைக்கலாம். ஓர் எழுத்து மாறினாலும் கணக்கு பிசகிவிடும். ஆகவே டி.கே.ஐ.எம். ஒப்பிடுவதற்கு முன் பாடத்தை ஒழுங்குபடுத்துகிறது. ‘எளிய’ முறை ஏறத்தாழ எதையும் பொறுப்பதில்லை. ‘தளர்ந்த’ முறை பல இடைவெளிகளை ஒன்றாகக் கொள்ளும். தலைப்பு வரிப் பெயர்களின் எழுத்துருவ வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தவர்களுக்கு இது பழகிய வேலை. எந்த வேறுபாடு ஏடெழுதியவரின் கைப்பழக்கம், எந்த வேறுபாடு உண்மையான பாடபேதம் என்று பிரிப்பதே இது. ஒரு வேற்றுமை உண்டு: பதிப்பாசிரியர் இடம் பார்த்து முடிவுசெய்வார், இங்கே விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. தலைப்பு வரிகளுள் எவையெவை கையொப்பத்துக்குள் அடங்கும் என்பதையும் அனுப்புபவரே தேர்கிறார்.

நல்ல முத்திரையும் தேய்ந்த அச்சாக இருந்தால் பயனில்லை. ஒரு கணிதவியலாளர், கூகுள் நிறுவனத்தின் பெயரில் தமக்கு வந்த வேலை அழைப்பை ஐயுற்று ஆராய்ந்தபோது, அந்நிறுவனம் 512 பிட் நீளமே உள்ள திறவுகோலைப் பயன்படுத்துவதைக் கண்டார். வாடகைக் கணினிகளில் சுமார் 75 டாலர் செலவில் மூன்று நாள்களில் அதை உடைக்க முடிந்தது. அந்நிறுவனத்தை நிறுவியவருள் ஒருவரின் பெயரில் மற்றவருக்கு அஞ்சல் அனுப்பியே அவர் குறையை உணர்த்தினார். திறவுகோல்களின் நீளம் விரைவில் கூடியது.

எஸ்.பி.எஃப். உறையைப் பார்த்தது; டி.கே.ஐ.எம். கையொப்பமிட்டவர் யார் என்று பார்த்தது. கையொப்பமிட்ட டொமைனும், ‘ஃப்ரம்’ வரியில் உள்ள டொமைனும் வேறாக இருக்கலாம். மோசடிக்காரர் தம் சொந்த டொமைனில் முறையாகக் கையொப்பமிட்டு, ‘ஃப்ரம்’ வரியில் வங்கியின் பெயரை எழுதினால் இரண்டு சோதனைகளும் தேறிவிடும். 1982இன் இடைவெளி அப்படியே இருந்தது. அதை மூடியது பணம் புழங்கும் இடத்தின் அவசரம். பேபால் நிறுவனத்தின் பெயரில் போலிகள் பெருகவே, 2007இல் யாஹூவும் 2008இல் ஜிமெயிலும் கையொப்பமற்ற பேபால் அஞ்சல்களைத் தடுக்க ஒப்புக்கொண்டன. இருவருக்கிடையிலான அந்த ஏற்பாட்டைப் பொதுவிதியாக்கியதே, 2012 ஜனவரியில் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ, பேபால் முதலியோர் சேர்ந்து அறிவித்த டிமார்க். உறை, கையொப்பம் இரண்டில் ஒன்றேனும் தேறி, அதன் டொமைன் ‘ஃப்ரம்’ வரியின் டொமைனோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதையும் பெயருக்கு உரியவர் அறிவிக்கலாம்: ஒன்றும் செய்யாதே, ஒதுக்கி வை, மறு. கடிதம் யார் பெயரில் சுற்றுகிறது என்ற அறிக்கையும் அவருக்கு வந்து சேரும். ஜோஸ் டாட் காம் 1997இல் வேண்டி நின்றது இதைத்தான்.

இது ஏற்பட்ட விதமும் கவனிக்கத்தக்கது. டிமார்க் ஆர்.எஃப்.சி. 7489 என்ற எண்ணில் வெளிவந்தது 2015 மார்ச்சில். அதுவும் தரநிலையாக அன்று, வெறும் தகவல் ஆவணமாக. அதற்குள் அது நடைமுறையில் சட்டமாகிவிட்டது. 2014 ஏப்ரலில் யாஹூ, தொடர்ந்து ஏ.ஓ.எல்., தம் பயனர்களின் டொமைனுக்கே ‘மறு’ என்னும் கொள்கையை அறிவித்தன. வங்கிக்கு அது பொருந்தும். வங்கியின் அஞ்சல் வங்கியிலிருந்து மட்டுமே வரும். கோடிக்கணக்கான தனியாட்களின் அஞ்சலோ பல வழிகளில் பயணம் செய்வது. குறிப்பாக, ஆய்வுலகம் பல பத்தாண்டுகளாக நம்பியிருந்த மடலாடற்குழுக்கள். யாஹூ முகவரியிலிருந்து ஒருவர் குழுவுக்கு எழுதினால், குழுவின் சர்வர் பொருள் வரியில் குழுவின் பெயரைச் சேர்க்கும், அடியில் ஒரு குறிப்பை ஒட்டும், கையொப்பம் முறியும். அனுப்பும் கணினி யாஹூவுடையது அன்று. உறைச் சோதனையும் உதவாது. பெறும் சர்வர்கள் கொள்கைப்படி மறுத்தன. மறுப்புகள் குவிந்ததால், எழுதியவரை விட்டுவிட்டு, ஒரு பாவமும் அறியாத வாசகர்களைக் குழு மென்பொருள்கள் தாமாகவே நீக்கத் தொடங்கின. ஐ.இ.டி.எஃப்.பின் சொந்தக் குழுக்களும் தப்பவில்லை.

குழுக்கள் கண்ட தீர்வு, ‘ஃப்ரம்’ வரியையே மாற்றி எழுதுவது. இன்னார், இந்தக் குழு வழியாக; முகவரி குழுவினுடையது. இன்று கல்விக்குழு அஞ்சல்களில் பெயருக்குப் பின் வரும் அந்த ‘வியா’ என்னும் சொல் அக்காலத்தின் தழும்பு. 822 வகுத்த பொருளின்படி ‘ஃப்ரம்’ என்பது எழுத விரும்பியவரின் இடம். அந்த இடத்தை மெய்ப்பிக்க வந்த முறையே, எழுதியவரை அங்கிருந்து அகற்றிக் கொண்டுசென்ற இடைத்தரகரை அமர்த்தியது. தனிப்பட்ட பதில் என்று நினைத்து அனுப்பியது குழு முழுவதற்கும் போய்ச் சேர்ந்த சங்கடங்கள் சிலவற்றுக்கும் இதில் பங்குண்டு. இடைவழி மாற்றங்களைச் சான்றுடன் கடத்தும் ஏ.ஆர்.சி. என்ற முறை 2019இல் வந்தது. அதுவும் சோதனை முயற்சி என்ற தகுதியோடுதான்.

டிமார்க் ஆவணம் வெளிவந்த அதே 2015 மார்ச்சில் இந்தியாவில் நடந்தது இந்தக் கதையில் பொருத்திப் பார்க்கப்படுவதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் மார்ச் 24 அன்று செல்லாதென அறிவித்தது. கருத்துரிமையின் வெற்றியாக அது கொண்டாடப்பட்டது, கொண்டாட்டம் நியாயமானதே. ஆயினும் அப்பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அஞ்சல் எங்கிருந்து வந்தது என்பதில் பெறுநரை ஏமாற்றும் நோக்குடன் மின்னஞ்சல் அனுப்புவதைக் குற்றமாக்கியிருந்தது. வழக்கு பெரிதும் பேச்சுரிமையையே சுற்றி நடந்தது. பிரிவு முழுவதும் வீழ்ந்தபோது அதுவும் உடன் வீழ்ந்தது. கணினிவழி ஆள்மாறாட்ட மோசடிக்கான 66டி இருக்கிறது. மோசடி இன்றி மூலத்தை மட்டும் திரிக்கும் செயலைத் தனியே பெயரிட்ட சொற்றொடர் சட்டத்திலிருந்து மறைந்தது.

சாட்சியச் சட்டத்தின் நிலை இன்னும் நுட்பமானது. 2000ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட 88ஏ பிரிவு, பெறுநருக்கு வந்த மின்செய்தி அனுப்புநரின் கணினியில் இடப்பட்ட செய்தியோடு ஒத்தது என நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்கிறது. அதே மூச்சில், அதை அனுப்பிய ஆள் யார் என்பது பற்றி எவ்வித அனுமானமும் செய்யலாகாது என்கிறது. பாடம் வேறு, ஆசிரியர் வேறு என்ற இந்தப் பிரிவினை 2023இன் புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது. பொறியாளர்கள் நீண்ட காலம் உழைத்து அடைந்த எல்லையும் ஏறத்தாழ இதுவே. டி.கே.ஐ.எம். பாடம் மாறவில்லை என்று சொல்லும். இந்த டொமைன் பொறுப்பேற்கிறது என்று சொல்லும். விசைப்பலகையில் இருந்த விரல்கள் யாருடையவை என்று சொல்லாது.

இருப்பினும் இந்தக் கையொப்பம், அதை ஆக்கியவர்கள் எண்ணாத ஒரு பணியைச் செய்யத் தொடங்கியது. வழியில் பாதுகாப்பதே அதன் நோக்கம். கடிதம் சேர்ந்ததும் வேலை முடிந்தது. ஆனால் கையொப்பம் கடிதத்திலேயே தங்கிவிடுகிறது. 2016 அக்டோபரில் அமெரிக்க அரசியலாளர் ஜான் பொடெஸ்டாவின் அஞ்சல்களை விக்கிலீக்ஸ் வெளியிட்டபோது, அவை திருத்தப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் எழுப்பப்பட்டது. அவற்றுள் பலவற்றின் டி.கே.ஐ.எம். கையொப்பம் சரியாகவே இருப்பதைக் கணினி ஆய்வாளர்கள் காட்டினர். திருடப்பட்ட கடிதம் உண்மையானது என்பதற்கு அஞ்சல் நிறுவனமே என்றென்றைக்கும் சான்றாகிவிட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மறையீட்டியல் அறிஞர் மாத்யூ கிரீன் 2020 நவம்பரில் ஒரு யோசனை சொன்னார்: காலாவதியான மறைதிறவுகோல்களை கூகுள் பகிரங்கமாக வெளியிட்டுவிட வேண்டும். அப்போது பழைய கடிதத்தில் எவரும் கையொப்பமிடலாம். ஆகவே எந்தப் பழைய கடிதமும் சான்றாகாது. திருடுவதால் ஆதாயம் குறையும்.

தனிமனித அந்தரங்கத்தின் பக்கம் நின்று பார்த்தால் இந்த வாதம் வலிமையானது. ஆவணக் காப்பகத்தின் பக்கம் நின்று பார்த்தால் நடுக்கம் தருவது. இருபத்தொன்றாம் நூற்றாண்டின் எழுத்தாளர்களும் ஆட்சியாளர்களும் விட்டுச்செல்லும் கடிதங்கள் மின்னஞ்சல்களே. தாளும் மையும் கையெழுத்தும் இல்லாத அவற்றுக்குப் பாடத்தின் மெய்ம்மையைச் சொல்ல எஞ்சியிருப்பது இந்தச் சில வரிக் கையொப்பம்தான். அதுவும் பெயரேட்டிலிருந்து பொதுத்திறவுகோல் நீக்கப்பட்டதும் வாசிக்க முடியாததாகிவிடும். திறவுகோல்களை அவ்வப்போது மாற்றி, பழையதை நீக்குவதே நல்ல நிருவாகம். காப்பகங்கள் கடிதத்தைச் சேமிக்கும்போதே அன்றைய திறவுகோலையும் சேர்த்துச் சேமிக்க வேண்டும் என்ற எண்ணம் வரலாற்றுத் துறைகளில் இன்னும் வேரூன்றவில்லை.

அண்மைய அத்தியாயத்தை விரைவாகவே சொல்லிவிடலாம். 2024 பிப்ரவரி முதல், பெருமளவில் அஞ்சல் அனுப்புவோரிடம் கூகுளும் யாஹூவும் மூன்று ஏற்பாடுகளையும் கட்டாயமாக்கின. 2025 மே முதல் மைக்ரோசாஃப்டும் அவ்வாறே. குறைவாக அனுப்புவோருக்கும் ஏதேனும் ஒன்று வேண்டும். சுமை விழுந்தது சிறிய இடங்களில். வாடகைச் சர்வரில் இயங்கும் ஓர் ஆய்விதழை எண்ணிப் பார்க்கலாம். இணையதளம் ஓரிடத்தில், அஞ்சல் வேறிடத்தில், சுற்றறிக்கை மூன்றாமிடத்தில். எஸ்.பி.எஃப். பதிவில் மூன்றையும் எழுத வேண்டும். அதைச் சரிபார்க்கையில் பெயரேட்டைப் பத்து முறைக்கு மேல் தேட வைக்கக் கூடாது என்பது விதி. மீறினால் பதிவே பிழை. பழைய வாடகையை விட்டு வெளியேறிய பின்னும் அந்தச் சர்வரின் பெயர் பதிவில் கிடந்தால், அங்கே இன்று குடியிருப்பவர் இதழின் பெயரில் அனுப்பலாம். ஒரே சர்வரில் நூறு டொமைன்கள் இருந்தால், உறைச் சோதனையின் கண்ணுக்கு அவை எல்லாம் ஒரே வீடு. சர்வரை நடத்துபவர் உள்ளே சுவர் எழுப்பியிருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. கட்டுரை ஏற்கப்பட்டது என்ற கடிதம் குப்பைப் பெட்டிக்குப் போவதும், போலி இதழின் அழைப்பு எல்லாச் சோதனைகளிலும் தேறி முதற்பெட்டிக்கு வருவதும் ஒரே அமைப்பின் இரு விளைவுகள். போலி இதழுக்கும் சொந்த டொமைன் உண்டு. அது தன் பெயரைத் திருடவில்லை.

துறைத் தலைவரின் பெயரில் வரும் ‘அவசரமாக ஓர் உதவி’ அஞ்சலும் அப்படியே. முகவரி ஏதோ ஓர் இலவசக் கணக்கு. முகவரிக்கு முன் காட்டப்படும் பெயர் மட்டும் தலைவருடையது. அந்தக் காட்சிப்பெயரை எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றும் படிப்பதில்லை. கைப்பேசித் திரைகளோ பெரும்பாலும் அதை மட்டுமே காட்டுகின்றன. இந்தியாவில் வங்கிகள் அனைத்தும் ‘பேங்க் டாட் இன்’ என்ற முடிவுடைய பெயருக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி ஆணையிட்டது, ஒத்த தோற்றமுள்ள பெயர்களை ஒதுக்குவதற்கான வேறொரு வழி. சோதிப்பதை விட்டுவிட்டு, பெயர் வைக்கும் உரிமைக்கே வேலி போடுவது.

தமிழ் எழுத்தில் டொமைன் பெயர்கள் வந்துவிட்டன. பிற எழுத்துகளில் அமைந்த முகவரிகளுக்கு இந்தச் சோதனைகளைப் பொருத்தும் ஆவணம் 2019 ஜூனில் வெளிவந்தது. ‘மௌனம்’ என்று எழுதுவோரும், ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டு ‘மெளனம்’ என்று தட்டெழுதுவோரும் நாள்தோறும் ஒரே பக்கத்தில் காணப்படுகிறார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை, கணினிக்கு இரண்டும் முற்றிலும் வேறான சரங்கள். பதிவகங்கள் இத்தகைய இணைகளைத் தடுக்க விதி வகுக்கலாம். வகுக்காத இடத்தில் ஒருவர் முதல் வடிவத்தையும் மற்றொருவர் இரண்டாம் வடிவத்தையும் வாங்கி, இருவரும் பெயரேட்டில் உரிய பதிவுகளை ஒழுங்காக எழுதிவைத்தால், இருவரின் கடிதங்களும் உறை, கையொப்பம், பொருத்தம் என்ற மூன்று சோதனைகளிலும் தேறும்.